இரண்டு மாத்திரை போடச் சொன்னது குற்றமா? துணை சுகாதார நிலையச் செவிலியரின் அதிகாரம் எதுவரை?

துணைநிலையச் செவிலி | செவ்வாய், இரவு 9.42

இத்தனை நாள் இந்த மன்றத்தில் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவள். இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு மலையடிவாரத் துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளர். ஒப்பந்தப் பணி, மாதம் 18,000 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையம் 11 கிலோமீட்டர் தள்ளி. பஸ் இரண்டு மாற வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வாங்குகிறவர்கள் என் பதிவேட்டில் முந்நூறுக்கு மேல்.

அதில் ஒரு பெரியவர். வயது 62, கரும்பு வெட்டும் கூலி. பி.பி.க்குக் காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் ஒன்று. மூன்று மாதமாகப் பி.பி. 170க்குக் கீழே இறங்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது 176/104. மூன்று முறையும் அட்டையில் "மருத்துவரைப் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. போனால் ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கும்போது புறநோயாளி நேரமும் முடிந்திருக்கும். மருத்துவருக்குப் போன் செய்தேன். முகாமில் இருந்தார், எடுக்கவில்லை. பெரியவரிடம் "நாளையிலிருந்து இரண்டாகப் போடுங்கள் ஐயா" என்று சொன்னேன். சொன்னதைப் பதிவேட்டிலும் எழுதினேன். மறைக்கவில்லை.

நேற்று ஆய்வுக் கூட்டம். மருத்துவ அலுவலர் அந்த வரியைப் படித்துவிட்டு, இருபது பேர் நடுவில் "நீங்கள் எம்.பி.பி.எஸ். எப்போது முடித்தீர்கள்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பேனாவை எடுத்து அதே பெரியவருக்கு அம்லோடிபின் 10 என்று எழுதினார். அரை நிமிடம் ஆகியிருக்காது. பெரியவரை அவர் பார்க்கவும் இல்லை.

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று இருக்கிறார்கள். தனியாகக் கிளினிக் வைத்து மருந்து எழுதுகிறார்கள். இங்கே நெறிமுறைத் தாளில் அச்சடித்திருக்கும் அடுத்த படியைக்கூட நான் தொடக்கூடாது. இது நோயாளியின் பாதுகாப்புக்காகவா, மருத்துவர்களின் கௌரவத்துக்காகவா?

சும்மா ஒருவன் | செவ்வாய், இரவு 9.51

கௌரவத்துக்காகத்தான். அடுத்த கேள்வி?

பொதுமருத்துவன் | செவ்வாய், இரவு 11.08

சகோதரி, இருபது பேர் நடுவில் அப்படிக் கேட்டது அநாகரிகம். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. நானும் ஒன்பது ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவன். ஆய்வுக் கூட்டங்களில் நடக்கும் கூத்து எனக்கும் தெரியும்.

ஆனால் கேட்ட விதம் தவறு என்பதால் கேட்டதே தவறாகிவிடாது. அந்தப் பெரியவர் 5 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் போடுகிறாரா? வெயிலில் நடந்து வந்த உடனே பட்டையைக் கட்டினீர்களா, ஐந்து நிமிடம் உட்கார வைத்தீர்களா? கால் வீக்கம் இருக்கிறதா? சிறுநீரகம் எப்படி? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இதில் எதுவும் உங்கள் பதிவில் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது மருத்துவத்திலேயே மிகச் சுலபமான வேலை, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஏன் இறங்கவில்லை என்று கேட்பதற்குத்தான் படிப்பு. உங்கள் மருத்துவ அலுவலரும் அதைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. நீங்கள் இருவரும் செய்தது ஒரே தவறு. அவருக்கு அதைச் செய்யச் சட்டம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது அதில் 32ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. "சமுதாய சுகாதார அளிப்பாளர்" என்ற பெயரில், பதிவு பெற்ற மருத்துவர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு வரை, வரையறுத்த உரிமம் கொடுக்கலாம். ஆரம்பநிலை, தடுப்பு மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தனியாகவே எழுதலாம். அந்த ஜூலை 31 அன்று நாடு முழுவதும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தோம். நானும் தெருவில் நின்றேன். செவிலியர் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. என் பயமெல்லாம் அரசாங்கத்தைப் பற்றியது. ஆறு மாதப் பயிற்சி கொடுத்து ஒருவரை உட்கார வைத்துவிட்டால், அந்த ஊருக்கு ஒரு மருத்துவரை அனுப்ப வேண்டும் என்ற எண்ணமே நிதித்துறைக்கு வராது. தற்காலிக ஏற்பாடு என்று வந்தது எது இந்த நாட்டில் திரும்பிப் போயிருக்கிறது?

நகரத்துக்காரனுக்கு இதயநோய் நிபுணர், கரும்பு வெட்டுகிறவருக்கு ஆறு மாதப் படிப்பு. இதற்கு முற்போக்கு என்று பெயர் வேறு.

வேப்பமரத்தடி | புதன், காலை 6.30

டாக்டர், நீங்கள் சொல்வதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஊரில் நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது 2016இல். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் அவருக்குப் பி.பி. இருந்தது. மாத்திரை எழுதியது ஒரு மருத்துவர், உண்மைதான், ஒரே ஒரு முறை. அதன் பிறகு நான்கு ஆண்டுகளும் அந்தக் கிழிந்த சீட்டைக் காட்டி வாங்கினார். கையில் காசு இருந்தால் பத்து நாளைக்கு, இல்லாவிட்டால் நான்கு நாளைக்கு. பி.பி. பார்த்ததே இல்லை. மாத்திரை போதுமா, கூட்ட வேண்டுமா என்று அப்பா கேட்டது கடைப் பையனிடம். அவன் பத்தாம் வகுப்பு.

எங்கள் ஊரில் டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும் என்ன போட்டி? அங்கே டாக்டரே இல்லை. நர்சம்மாவுக்கும் மருந்துக்கடைப் பையனுக்கும்தான் போட்டி. நர்சம்மாவின் கையை நீங்கள் கட்டிவைக்கிறீர்கள். பையனின் கையை யாரும் கட்டவில்லை.

டாலஸ் நர்ஸ் | புதன், காலை 8.15

என் தொழிலைப் பற்றிய பேச்சு என்பதால் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, சென்னையில் நர்சிங் படித்து, இங்கே வந்து மேற்படிப்பு முடித்து, டெக்சாஸில் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனராகப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

முதலில் ஒரு திருத்தம். அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும் தனியாக மருந்து எழுத முடியாது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் முடியும். டெக்சாஸில் முடியாது. இங்கே ஒரு மருத்துவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். மாதம் ஒருமுறை கூடிப் பேச வேண்டும், என் நோயாளிக் குறிப்புகளில் சிலவற்றை அவர் படித்துப் பார்க்க வேண்டும். 2013இல் திருத்திய சட்டப்படி ஒரு மருத்துவர் ஏழு பேருடன் இப்படி ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டி நியூ மெக்சிகோ போனால் இந்த ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். அதே நான், அதே படிப்பு. நடுவில் இருப்பது ஒரு கோடு.

நான் முதலில் வேலை செய்த கிளினிக்கில், ஒப்பந்தம் போட்ட மருத்துவர் என் நோயாளிகளில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அவர் இருந்தது முந்நூறு மைல் தள்ளி. மாதந்தோறும் அவருக்குப் பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. "மேற்பார்வை" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் காசோலைதான் நினைவுக்கு வரும்.

இந்தத் தொழில் பிறந்ததே உங்கள் மலையடிவாரம் போன்ற இடத்துக்காகத்தான். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதாரச் செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கினார்கள். கிராமத்துக் குழந்தைகளைப் பார்க்க மருத்துவர் இல்லை. அங்கே செவிலியர் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துகொண்டிருந்தார். மீதியைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபோர்டு அம்மையார் 2025 ஜனவரியில் 104 வயதில் காலமானார்.

ஆய்வு வேண்டும் என்பவர்களுக்கு: 2000இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மருத்துவரிடமும் மற்றவர்களை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் மருந்து எழுதும் அதிகாரம் ஒன்றே. ஆறு மாதம் கழித்து உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

பொதுமருத்துவன் | புதன், பகல் 1.20

டாலஸ் அம்மா, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். ஆறு மாதம்! ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் சேதத்தைக் காட்டப் பத்து ஆண்டுகள் எடுக்கும். ஆறு மாதத்தில் வேறுபாடு இல்லை என்பதை வைத்து என்ன சொல்ல முடியும்?

அதே அமெரிக்காவில், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளைப் பற்றி 2022இல் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் வெளியிட்டது ஒன்று இருக்கிறது. அங்கே நர்ஸ் பிராக்டிஷனர்கள் தனியாகவே பார்க்கலாம். அவர்களிடம் போன நோயாளிகள் அவசரப் பிரிவில் இருந்த நேரம் 11 சதவீதம் கூடுதல். தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கை 20 சதவீதம் கூடுதல். ஸ்கேன், நிபுணர் ஆலோசனை எல்லாமே அதிகம். மலிவு என்று கொண்டுவந்தது கடைசியில் மலிவாக இல்லை.

பயிற்சி நேரத்தையும் சொல்லுங்களேன். எத்தனை மணி நேரம் நோயாளியோடு?

டாலஸ் நர்ஸ் | புதன், பிற்பகல் 2.05

சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நான் படித்தபோது குறைந்தபட்சம் 500 மணி நேரம். 2022இல் அதை 750 ஆக்கினார்கள். மருத்துவருக்கு 12,000 முதல் 16,000 மணி நேரம் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் போகிற இடமெல்லாம் சொல்கிறது. என் 500க்கு முன்னால் செவிலியராக வார்டில் நின்ற எட்டு ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது. ஆனால் வார்டில் ஒரு நாளும் நிற்காமல் நேராக இந்தப் படிப்பில் சேர்கிறவர்களும் இன்று இருக்கிறார்கள். பாதி வகுப்பு கணினியிலேயே முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்து எனக்கும் வயிறு கலங்குகிறது. இதை என் சங்கக் கூட்டத்தில் சொன்னால் துரோகி என்பார்கள். இங்கே சொல்லலாம் அல்லவா?

நீங்கள் காட்டியது அவசரப் பிரிவு. இந்த இழை பேசுவது மாதாமாதம் வரும் பி.பி. நோயாளியைப் பற்றி. மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் வருகிறவரும், அட்டையை நீட்டி மாத்திரை வாங்குகிறவரும் ஒன்றா? 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆரம்ப மருத்துவத்தில் செவிலியர் பார்த்தவர்களின் நிலை மருத்துவர் பார்த்தவர்களுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தது. ஒரு நோயாளியோடு செவிலியர் செலவழித்த நேரமும் அதிகம். அந்த நேரத்தை நீங்கள் வீண் செலவு என்பீர்கள், நான் மருத்துவம் என்பேன்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிராமத்துக்கென்று பிறந்த தொழில் கிராமத்திலேயே தங்கவில்லை. என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் முகச்சுருக்கத்துக்கு ஊசி போடும் அழகு நிலையங்களில் இருக்கிறார்கள். நல்ல வருமானம்.

பழைய கணக்கு | புதன், மாலை 5.47

இளையவர்கள் சண்டையில் ஒரு கிழவனும் நுழையலாமா? பொதுச் சுகாதாரத் துறையில் புள்ளிவிவரப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

எனக்குத் தட்டம்மை வந்தபோது பார்த்தவர் எல்.எம்.பி. டாக்டர். நான்கு ஆண்டுகள் மருத்துவப் பள்ளியில் படித்த, எம்.பி.பி.எஸ். அல்லாத மருத்துவர்கள் அவர்கள். 1946இல் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு அறிக்கை கொடுத்தபோது நாட்டில் பதிவாகியிருந்த சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் இந்த வகை. இனி ஒரே தரம், எம்.பி.பி.எஸ். மட்டுமே என்று குழு முடிவெடுத்தது. உறுப்பினர்களில் ஆறு பேர் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள்: நாட்டுக்கு வேண்டிய அளவு மருத்துவர்கள் வரும்வரை இந்தப் படிப்பை மூடாதீர்கள் என்று. மூடினார்கள். "அடிப்படை மருத்துவர்" கிராமத்துக்குப் போவார் என்று நம்பினார்கள். அவர் சென்னைக்கும், அங்கிருந்து லண்டனுக்கும் போனார்.

அரை நூற்றாண்டு கழித்து 2001இல் சத்தீஸ்கர் அரசு மூன்றாண்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. எதிர்ப்பும் வழக்குமாகச் சில ஆண்டுகளிலேயே சேர்க்கை நின்றது. ஆனால் படித்து முடித்தவர்களை ஊரக மருத்துவ உதவியாளர் என்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தினார்கள். பிறகு ஆய்வாளர்கள் போய் அவர்களையும், எம்.பி.பி.எஸ். படித்தவர்களையும், ஆயுர்வேதம், சித்தா போன்ற ஆயுஷ் மருத்துவர்களையும், மருத்துவர் இல்லாத இடத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த செவிலியர், மருந்தாளுநர் போன்றோரையும் ஒப்பிட்டார்கள். மூன்றாண்டு படித்தவர்கள் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமமாக வந்தார்கள். ஆயுஷ் அதற்குக் கீழே. கடைசி இடம் யாருக்குத் தெரியுமா? தனிப் பயிற்சி இல்லாமல் தள்ளிவிடப்பட்ட செவிலியரும் மருந்தாளுநரும்.

அந்த முடிவில் பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இரு தரப்பும் முப்பது மேடைகளில் பேசிவிட்டார்கள். மூன்றாண்டு முறையாகச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்பதும் அதில் இருக்கிறது, சொல்லிக் கொடுக்காமல் உட்கார வைத்தால் ஆகாது என்பதும் அதில்தான் இருக்கிறது.

அஸ்ஸாமிலும் இதே கதை. 2004இல் சட்டம் போட்டு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு. கௌஹாத்தி உயர் நீதிமன்றம் 2014இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே, மாநிலத்துக்கு இல்லை என்றது. அந்தப் பட்டயக்காரர்கள் நோயாளியைச் சரியாகப் பார்த்தார்களா என்பது அங்கே கேள்வியே அல்ல.

சும்மா ஒருவன் | புதன், மாலை 6.02

ஆகவே டாக்டர்கள் கிராமத்துக்குப் போகவும் மாட்டார்கள், போகிறவரை விடவும் மாட்டார்கள். வைக்கோற்போரில் படுத்த [நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | புதன், மாலை 6.10

உவமை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு தொழிலையே பிராணியாக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வேலையும் பார்க்கிறார்கள். தொடருங்கள்.

மருந்துச்சீட்டு | புதன், இரவு 8.33

நான் மருந்தாளுநர். சட்டம் என்ன சொல்கிறது என்பதை யாரும் தொடவில்லையே.

அம்லோடிபின் எச் அட்டவணை மருந்து. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக்கூடாது. ஆனால் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் கே அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் 23ஆம் இனம், துணை, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் செவிலியர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோர் அரசுத் திட்டத்தில் மருந்து வழங்குவதற்கு விற்பனை உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. அதாவது நம் செவிலியர் அந்த மாத்திரையைக் கையில் வைத்துக் கொடுக்கலாம். எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அந்த விதி கொடுக்கவில்லை. விலக்கு பெட்டிக்கு, பேனாவுக்கு இல்லை.

வேடிக்கையைக் கேளுங்கள். 2014இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியர், கிருமித் தொற்று கண்ட பச்சிளம் குழந்தைக்கு ஜென்டாமைசின் ஊசியே போடலாம். குறைமாதப் பிரசவ வலியில் வரும் தாய்க்கு டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் போடலாம். நான்காண்டு படித்த இவர் 5ஐ 10 ஆக்கினால் தண்டனை. குழந்தை சாகும் என்ற அவசரம் வந்தபோது அதிகாரம் தானாக வந்தது. பி.பி. மெதுவாகக் கொல்வதால் யாருக்கும் அவசரமில்லை.

வேப்பமரத்தடி சொன்ன பத்தாம் வகுப்புப் பையனைப் பற்றியும் பேச வேண்டும். என் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு என்னை வரவேண்டாம் என்று சொன்ன கடை முதலாளி ஒருவரிடம் நானும் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

வடமராட்சியான் | புதன், இரவு 10.15

இலங்கையிலிருந்து ஒரு குரல். நீங்கள் இதைப் புதுமை போல் பேசுவதைப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் ஊரில் "அப்போதிக்கரி" என்றால் பாட்டிமாருக்கும் தெரியும். பிற்காலத்தில் உதவி வைத்திய அதிகாரி என்று பெயர் மாறியது. எம்.பி.பி.எஸ். கிடையாது, ஆனால் மத்திய மருந்தகங்களை நடத்தியவர்கள் அவர்களே. யுத்த காலத்தில் வன்னியில் அவர்கள் இல்லையென்றால் பல ஆஸ்பத்திரிகளில் விளக்கே எரிந்திருக்காது. அந்தப் பயிற்சியையும் தொண்ணூறுகளில் நிறுத்திவிட்டார்கள். காரணம் இங்கே பேசப்படுவதுதான்: தரம், அந்தஸ்து, தொழிற்சங்கம்.

ஆனால் இன்னொருவரை எவராலும் நிறுத்த முடியவில்லை: குடும்பநல உத்தியோகத்தர், ஊர்ப் பேச்சில் மருத்துவிச்சி அம்மா. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் வந்த பதவி. வீட்டுக்கு வீடு போவார். யார் கர்ப்பம், யாருக்கு இரத்தம் குறைவு, எந்த வீட்டில் கணவன் குடிக்கிறான், எல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். தாய் மரணம் இலங்கையில் இவ்வளவு குறைந்ததற்கு அவர்தான் முதற்காரணம் என்பது என் எண்ணம். அவர் சிக்கலைக் கண்டால் அன்றே வைத்திய அதிகாரியிடம் தகவல் போகும். அதிகாரி "நீ யார்" என்று கேட்பதில்லை. எங்களிடம் அந்தச் சங்கிலி அறுந்ததில்லை.

உங்கள் பெரியவரின் விஷயத்தில் அறுந்த இடம், எடுக்கப்படாத அந்தத் தொலைபேசி அழைப்பு. எம்.பி.பி.எஸ். இருந்ததா இல்லையா என்பது பிறகு.

துணைநிலையச் செவிலி | வியாழன், இரவு 7.55

எல்லாருடைய பதிவையும் இரண்டு முறை படித்தேன். டாக்டர் கேட்ட கேள்விகள் உறுத்தின. கோபம்தான் முதலில் வந்தது. பிறகு இன்று பிற்பகல் எங்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரைக் கூட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

போகிற வழியிலேயே தன்னார்வலர் சொல்லிவிட்டார்: "சிஸ்டர், அவர் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனால் செட் மாத்திரை வாங்குவாரே, உங்களுக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. மூன்று மாதமாக அட்டை எழுதிய எனக்குத் தெரியாது.

பெரியவர் கூச்சப்படாமல் டப்பாவைத் திறந்து காட்டினார். முட்டிவலிக்காம். "இது இல்லாமல் அரிவாளைப் பிடிக்க முடியாது தாயி" என்றார். காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரைகள், அட்டையிலிருந்து பிரித்தவை, பெயர் இல்லை. பெரிய வெள்ளை ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, மஞ்சள் ஒன்று, பிறகு கடுகை விடச் சற்றுப் பெரிதாக வெள்ளையில் ஒன்று. காலையும் இரவும் ஒரு பொட்டலம், தீபாவளிக்கு முன்பிருந்தே. அதாவது ஏழு எட்டு மாதம்.

இன்னொன்றும் பார்த்தேன். முகம் முன்பைவிட உப்பியிருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று போன மாதம் நான்தான் சொல்லியிருந்தேன். 10 மில்லிகிராம் தொடங்கியதிலிருந்து கணுக்காலும் வீங்குகிறதாம்.

மருந்துச்சீட்டு | வியாழன், இரவு 8.11

பெயரில்லாத மாத்திரையை வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் செட் மாத்திரைப் பொட்டலத்தில் வழக்கமாக இருப்பவை தெரியும்: பாராசிட்டமால், டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று. அந்தச் சின்ன வெள்ளை பெரும்பாலும் ஸ்டீராய்டு. வலி அன்றே பறந்துவிடும், அதனால்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். ஐந்தும் பத்துமாகக் காசு.

பொதுமருத்துவன் | வியாழன், இரவு 8.26

சகோதரி, முதலில் இதைப் படியுங்கள். அந்தப் பொட்டலத்தை இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருந்தால் உடனே திரும்பப் போய்ப் பேசுங்கள். ஏழெட்டு மாதம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் உடம்பின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிவிடும். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பி.பி. கீழே விழுவது, உயிர்கூடப் போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதை ஒரு மருத்துவர் நேரில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். சர்க்கரையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். டைக்ளோஃபினாக் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பி.பி. ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளையே அழைத்துப் போங்கள்.

நேர்மையாக ஒன்று. புறநோயாளி வரிசையில் எண்பது பேர் நிற்கும்போது இந்தப் பொட்டலத்தை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

துணைநிலையச் செவிலி | வியாழன், இரவு 8.31

நிறுத்தச் சொல்லியிருந்தேன். இப்போதே கிளம்புகிறேன்.

வேப்பமரத்தடி | வியாழன், இரவு 9.40

இந்தப் பொட்டலம்தான் எங்கள் அப்பாவின் சட்டைப் பையிலும் இருந்தது. இன்றுவரை அது பி.பி.யோடு சேர்ந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

டாலஸ் நர்ஸ் | வியாழன், இரவு 10.20

அந்தத் தன்னார்வலருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள்?

துணைநிலையச் செவிலி | சனி, காலை 7.10

நேற்று நானே பெரியவரை அழைத்துப் போனேன். நல்லவேளையாக ஒரு வேளைப் பொட்டலம்தான் தவறியிருந்தது.

மருத்துவ அலுவலர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் கொட்டியதும் பேச்சே இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை 228. ரத்தம் எடுத்து அனுப்பினார். ஸ்டீராய்டை வாரவாரம் குறைக்கும்படி தனித்தாளில் எழுதினார். அம்லோடிபின் 10 இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அட்டையின் ஓரத்தில் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "வாரம் ஒருமுறை பி.பி. பார்க்கவும். 130க்குக் கீழே வந்தால் செவிலியர் 5 ஆகக் குறைக்கலாம்." ஆய்வுக் கூட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

முந்நூறு அட்டைகளில் ஓர் அட்டையில் மட்டும் அந்த வரி இருக்கிறது. மற்றவற்றிலும் எழுதித் தருவீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது.

டாலஸ் அக்கா கேட்டதை அந்தத் தன்னார்வலரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "உங்கள் சம்பளத்தில் பாதிகூட வராது சிஸ்டர்" என்றார்.

திரும்பும்போது இரண்டாவது பஸ் வரவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் முட்டியைத் தடவியபடி கேட்டார்: "அந்தப் பொட்டலம் வேண்டாம் என்றால் சரி தாயி. திங்கட்கிழமை வெட்டுக்குப் போக வேண்டும். வலிக்கு நீ என்ன தருவாய்?" என் பெட்டியில் பாராசிட்டமால் இருக்கிறது. அதை அவர் ஏற்கெனவே நான்கில் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.